யானைக்கு நைட் ஷிஃப்ட்!

உறவுக்காரர்களில் இரண்டு ரகம் உண்டு. கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது மட்டும் ஞாபகத்துக்கு வருகிறவர்கள் ஒரு ரகம். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் ஞாபகத்துக்கு வருகிறவர்கள் இன்னொரு ரகம். கொடைக்கானலில் மாமா, ஊட்டியில் அத்தை, கன்னியாகுமரியில் பெரியப்பா என்று வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். பாவம், அந்த மாமாவும் அத்தையும்தான் ஏப்ரல், மே மாதங்களில் போனை எடுக்கவே பயப்படுவார்கள்!

எங்கள் ஊர் சுங்குவார்சத்திரத்துக்கு அந்த ஆபத்து கிடையாது. பேரில் சத்திரம் இருக்கிறதே ஒழிய, ஊரைச் சுற்றிப் பார்க்க என்று யாரும் வந்து தங்கியதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஆரம்பித்து ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று கார் ஃபேக்டரி, கண்ணாடி ஃபேக்டரி, செல்போன் ஃபேக்டரி. விடியற்காலை, மத்தியானம், ராத்திரி என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி வரும். அவை போகும்வரை நாம் ரோட்டோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இந்த ஊரிலிருந்து கிளம்பி, சொந்தக்காரர்களைப் பார்க்க நாங்கள் போனது மசினகுடிக்கு. நீலகிரி மாவட்டம், முதுமலை காட்டை ஒட்டிய ஊர். அங்கே என் சித்தப்பாவும் சித்தியும் இருக்கிறார்கள். சித்தப்பா மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். பக்கத்து சிங்காராவில் இருக்கும் பைக்காரா மின் நிலையம் 1932லேயே ஓட ஆரம்பித்தது. காட்டு நடுவே வந்த அந்த மாதிரி மின் திட்டங்களில் வேலைக்கு வந்து, அப்படியே தங்கிவிட்ட குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய. அதில் ஒன்று எங்களுடையது.

சுதந்திர தினத்தை ஒட்டி மூன்று நாள் லீவு. சும்மா சுற்றிப்பார்க்கத்தான் போகிறோம் என்று பையன் நினைத்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு ரகசியத் தூது இருந்தது. ஒரகடத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் (என் தம்பிதான்) போன் பண்ணிச் சொல்லியிருந்தான்:

"அண்ணா, நீங்க சொன்னா அப்பா கேப்பார். அந்த வீட்டை வித்துட்டு இங்கே வரச் சொல்லுங்க. அம்மாவுக்கு முழங்கால் வலி. ராத்திரி ஏதாவது ஒண்ணுன்னா காட்டுக்குள்ள என்ன பண்ணுவாங்க? நினைச்சா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

கையில் காஞ்சிபுரம் கோவில் இட்லி, வண்டியில் என் சம்சாரம், பையன், மனசில் தூது. விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினோம்.

540 கிலோமீட்டரும் ஒரு கடிகாரமும்

சுங்குவார்சத்திரத்திலிருந்து மசினகுடிக்கு ஏறத்தாழ 540 கிலோமீட்டர். வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரைத் தொட்டும் தொடாமலும் ஒரு சுற்று, அப்புறம் மைசூர், நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு. பெங்களூர்-மைசூர் எக்ஸ்பிரஸ் ரோடு 2023ல் திறந்ததிலிருந்து அந்தப் பகுதி தூரமே தெரிவதில்லை. டோலில் பணம் போவது மட்டும் தெரிகிறது. நான் பி.காம். மற்றவர்கள் மைல் கல்லைப் பார்ப்பார்கள், நான் டோல் ரசீதைப் பார்ப்பேன்.

ஆனால் இந்தப் பயணத்தில் கிலோமீட்டரைவிட முக்கியம் கடிகாரம். பந்திப்பூர் காட்டு ரோட்டில் ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டிகள் போகக் கூடாது. 2009ல் சாமராஜ நகர் மாவட்ட நிர்வாகம் போட்ட உத்தரவு. காரணம் ரொம்ப எளிமை. ராத்திரி வேகமாகப் போகும் லாரியிலும் காரிலும் அடிபட்டு மான், சிறுத்தை, யானை என்று செத்துக்கொண்டிருந்தன. ஹெட்லைட் வெளிச்சம் கண்ணில் பட்டால் மான் ஓடாது, அப்படியே நின்றுவிடும். டிரைவருக்கு அது மான் என்று புரிவதற்குள் காரியம் முடிந்துவிடும். 2010ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் தடை சரிதான் என்று சொல்லிவிட்டது. ஆம்புலன்ஸுக்கும், அனுமதி பெற்ற ஓரிரு பஸ்களுக்கும் மட்டும் விலக்கு.

இதைப் பையனுக்கு எப்படிச் சொல்வது? எங்கள் ஊர் பாஷையிலேயே சொன்னேன். "பகல் முழுக்க நமக்கு டே ஷிஃப்ட். ராத்திரி 9லிருந்து காலை 6 வரை யானைக்கு நைட் ஷிஃப்ட். அந்த நேரத்தில் ரோடு அவங்களோடது."

"ஓவர்டைம் உண்டா?" என்று கேட்டான். ஒரகடம் பக்கத்துப் பிள்ளை, வேறெப்படிக் கேட்பான்!

குண்டலுப்பேட்டை தாண்டும்போது ரோட்டின் இரண்டு பக்கமும் சூரியகாந்தி. அங்கே இறங்கி போட்டோ எடுக்காத கார் இல்லை. அதைத் தாண்டி பந்திப்பூருக்குள் நுழைந்துவிட்டால் இறங்குவது, நிறுத்துவது, ஹாரன் அடிப்பது எதுவும் கூடாது. பந்திப்பூர் 1973ல் புலித் திட்டம் ஆரம்பித்தபோது முதலில் எடுத்துக்கொண்ட 9 காடுகளில் ஒன்று. ஆனால் புலியைப் பார்த்தே தீர வேண்டும் என்று போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புலி நம்மைப் பார்க்கும், அது நிச்சயம். நாம் பார்ப்பது அதன் இஷ்டம்.

கக்கநல்லா செக்போஸ்டில் தமிழ்நாடு ஆரம்பம். இங்கே இரண்டு சடங்கு. ஒன்று இ-பாஸ். 2024 மே 7ம் தேதியிலிருந்து நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இது வேண்டும். இரண்டாவது, பிளாஸ்டிக் சோதனை. எங்களுக்கு முன்னால் நின்ற காரிலிருந்து ஒரு டஜன் தண்ணீர் பாட்டில், இரண்டு பை நிறைய சிப்ஸ் பொட்டலம் எல்லாம் வரிசையாக இறங்கின. எங்கள் பையில் இருந்தது எவர்சில்வர் கூஜாவும், மந்தாரை இலையில் கட்டிய கோவில் இட்லியும். சோதனை செய்தவர் மோந்து பார்த்து, "மிளகு, சுக்கு வாசனை!" என்றார். பாஸ் செய்துவிட்டார்.

58ல் ரிடையர்மெண்ட்

மாலை ஐந்தரைக்குத் தெப்பக்காடு. முதுமலை 1940ல் சரணாலயம் ஆனது. தென்னிந்தியாவின் மிகப் பழைய சரணாலயங்களில் ஒன்று. 2007ல் புலிகள் காப்பகம். 321 சதுர கிலோமீட்டர் காட்டில் நடுவே 103 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. ஒரு பக்கம் கர்நாடகத்தின் பந்திப்பூர், இன்னொரு பக்கம் கேரளத்தின் வயநாடு. மூன்று மாநிலத்துக்கும் எல்லைக்கோடு போட்டது நாம்தான். யானைகளுக்கு அது ஒரே வீட்டின் மூன்று ரூம்.

தெப்பக்காட்டு யானை முகாமுக்கு நூறு வயசு தாண்டிவிட்டது. முன்பு மரம் இழுக்க யானை வளர்த்தார்கள். இப்போது அதே பரம்பரை யானைகள் கும்கியாகப் போய், ஊருக்குள் வரும் காட்டு யானையைத் திருப்பி விரட்டுகின்றன. சாயங்கால சாப்பாட்டு நேரம் பார்க்க வேண்டிய காட்சி. ராகி, கொள்ளு, அரிசி இதெல்லாம் தனித்தனியாக வெந்து, வெல்லமும் உப்பும் சேர்ந்து, ஒவ்வொரு உருண்டையும் ஒரு சின்னத் தலையணை அளவு. எந்த யானைக்கு எத்தனை உருண்டை, என்ன மருந்து என்று கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்குக் காடே பிடித்துப்போய்விட்டது.

இங்கே யானைக்கும் 58 வயசில் ரிடையர்மெண்ட்! அப்படி 2022ல் ஓய்வு பெற்ற ஒரு யானையின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். பேர் மூர்த்தி. தந்தம் இல்லாத ஆண் யானை, மக்னா என்பார்கள். ஒரு காலத்தில் கேரளத்திலும் கூடலூர் பக்கமும் பல உயிர்களைக் கொன்ற யானை. 1998ல் உடம்பெல்லாம் காயத்தோடு பிடித்து வந்து, வைத்தியம் பார்த்து, பழக்கினார்கள். அப்புறம் குழந்தைகூட கிட்டே போகலாம் என்கிற அளவுக்குச் சாதுவாகி, 2024 அக்டோபரில் வயசாகி இறந்தது. கெட்டவன் என்று யாரையும் ஒரேயடியாக முத்திரை குத்திவிடக் கூடாது என்பதற்கு மூர்த்தியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' குறும்படம் எடுத்ததும் இங்கேதான். தாயில்லாத குட்டி ரகுவை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியை அதற்கப்புறம் உலகமே தெரிந்துகொண்டது. அந்த வருஷம் ஆகஸ்டில் ஜனாதிபதியே முகாமுக்கு வந்து அவர்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏழு மணிக்கு மேல் 'பெரியவர்'

தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி ஏழெட்டு கிலோமீட்டர்தான். சித்தி வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாப்பா... வாம்மா... நல்ல வேளை, வெளிச்சம் இருக்கும்போதே வந்தீங்க. முதல்ல கை கால் கழுவிட்டு சாப்பிடுங்க. ஏழு மணிக்கு மேல கொல்லைப்பக்கம் போகக் கூடாது. பெரியவர் வருவாரு."

"பெரியவர் யாரு பாட்டி?" என்றான் பையன்.

"யானைதான்டா. இருட்டினப்புறம் அந்தப் பேரைச் சொல்ல மாட்டோம்."

வாசலில் ஒரு பலா மரம். ஆனால் ஒரு பலாப்பழம்கூட இல்லை. பிஞ்சாக இருக்கும்போதே வெட்டிவிடுவார்களாம். பழுத்தால் வாசனை காற்றில் போகும், பெரியவர் வீட்டு அட்ரஸ் கேட்காமலே வந்துவிடுவார். "முப்பத்தஞ்சு வருஷமா பலா மரம் வச்சிருக்கேன். பலாச்சுளை சாப்பிடணும்னா கடையிலதான் வாங்கறேன்" என்றார் சித்தி. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ தீனியாவது வேண்டும். ஒரு பலா மரம் அதற்கு டிபன் மாதிரி.

காட்டில் தீனி இல்லையா என்று கேட்டேன். சித்தப்பா விவரமாகச் சொன்னார். வெள்ளைக்காரன் தோட்டத்து அழகுக்கு என்று கொண்டுவந்த உண்ணிச்செடி, இப்போது காட்டுக்குள் புல் முளைக்க இடமில்லாமல் படர்ந்து கிடக்கிறது. மானும் யானையும் அதைத் தொடாது. கூடலூர் பக்கத்துப் பழங்குடி மக்கள் அந்தச் செடியின் தண்டை வெட்டி, வேகவைத்து வளைத்து, முழு அளவு யானைச் சிற்பங்களே செய்கிறார்கள். 2021ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன.

"செடி வெளிநாட்லேருந்து வந்துச்சு. யானையா திரும்பிப் போச்சு" என்றார் சித்தப்பா.

தூது ஆரம்பம்

ராத்திரி எட்டு மணிக்கே ஊர் அடங்கிவிட்டது. மெதுவாக விஷயத்தை எடுத்தேன். சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"விக்கச் சொல்றான். யாருப்பா வாங்குவா? இங்கே யானை வழித்தடக் கேஸ் தெரியுமில்ல?"

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சீகூர் சமவெளி என்று சொல்லப்படும் இந்தப் பகுதி, மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் ஒரு வாசல் மாதிரி. யானைகள் தண்ணீருக்கும் தீனிக்கும் இந்த வழியாகத்தான் போய் வர வேண்டும். அந்த வாசலில் ரிசார்ட்டும் மின்வேலியும் முளைத்தன. 2010ல் அரசாங்கம் வழித்தடத்தை அறிவித்தது. 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்து, நிலம் வைத்திருப்பவர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கமிட்டி போட்டது.

அது முடிந்த மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு கட்டடத்தின் பக்கம் வந்த யானை மேல் எரியும் பொருளை வீசி, அது காயம் பட்டுச் செத்த செய்தியை நாடே வீடியோவில் பார்த்தது. அதே வருஷம் அக்டோபரில், நாலு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி-23 என்ற புலியை மூன்று வாரம் தேடி, மசினகுடி அருகே மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள்.

"ரெண்டையும் பார்த்தேன்" என்றார் சித்தப்பா. "யானை செத்த அன்னிக்கு வெக்கமா இருந்துச்சு. புலி சுத்தினப்ப பயமா இருந்துச்சு. ரெண்டும் இருக்கற ஊர்தான்ப்பா இது. டூரிஸ்டுக்குப் பயம் கிடையாது, ரெண்டு நாள்ல போயிடுவான். கோர்ட்டுக்குப் போற ரிசார்ட்காரனுக்கு வக்கீல் இருக்கான். மாடு மேய்க்கப் போறவனுக்குத்தான் ரெண்டும்."

நான் விடவில்லை. "அதனாலதான் சித்தப்பா, எங்க ஊருக்கு வாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கும் டீ கிடைக்கும். டாக்டர் கிடைப்பார்."

"உங்க ஊருக்குப் போன தடவை வந்தப்போ, ரோட்டைக் கிராஸ் பண்ண கால் மணி நேரம் நின்னேன். இங்கே யானைக்கு ஒன்பது மணி நேரம் ரோட்டை விட்டுக் குடுத்திருக்காங்க. உங்க ஊர்ல மனுஷனுக்கு ஒம்பது நிமிஷம் விடுவாங்களா?"

பதில் இல்லை. நான் தூதை முடித்துக்கொண்டு படுத்துவிடலாம் என்று நினைத்தபோதுதான், அதுவரை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த சித்தி வாயைத் திறந்தார்.

"எல்லாரும் வீட்டைப் பத்தியே பேசறீங்க. என்னை யாரும் கேக்கலையே?"

சித்தப்பா திரும்பிப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு வருஷமா ஏழு மணிக்குக் கதவைச் சாத்தறேன். எனக்கு யானை மேல கோபமில்லை. ஆனா போன மாசம் எதிர்வீட்டுப் பொண்ணுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வலி எடுத்துச்சே, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நான்தான் கையைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். நல்லபடியாப் பொறந்துச்சு. அன்னிக்குத்தான் நினைச்சேன், எனக்கு ஒண்ணுன்னா என் கையை யாரு பிடிப்பான்னு. என் பேத்திக்கு ரெண்டு வயசாகுது. என்னை போட்டோவுல பாத்துத்தான் பாட்டின்னு சொல்றா."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வெளியே எங்கேயோ நாய் குரைத்து, சட்டென்று நின்றது.

"அப்போ வித்துடலாங்கறியா?" என்றார் சித்தப்பா. குரல் இறங்கியிருந்தது.

"யாரு விக்கச் சொன்னா? மாசி பொறந்தா இங்கே காடு காஞ்சுடும். குட்டையில தண்ணி இருக்காது, தீ பிடிக்கும். யானையே கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு தண்ணி இருக்கற பக்கம் போகுது. மழை வந்தா திரும்பி வருது. வீட்டை வித்துட்டா போகுது? யானைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரிய வேண்டாமா? வருஷத்துல நாலு மாசம் அங்கே, எட்டு மாசம் இங்கே."

சித்தப்பா ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "உன் தம்பிக்கு போன் போடு. பிப்ரவரிக்கு ரூமைச் சுத்தம் பண்ணச் சொல்லு."

கத்திரி வெயிலுக்குப் பயந்து ஊரே நீலகிரிக்கு ஓடும். நீலகிரியிலிருந்து கத்திரி வெயிலுக்குச் சுங்குவார்சத்திரம் வரப்போகிற ஒரே ஜோடி எங்கள் சித்தப்பா, சித்தியாகத்தான் இருக்கும்!

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

* இ-பாஸை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். விதிகள் சீஸனுக்கு சீஸன் மாறும், கிளம்பும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

* பந்திப்பூர் ரோட்டை மாலை 6 மணிக்குள் தாண்டுகிற மாதிரி கிளம்புங்கள். 9 மணிக்குக் கேட் மூடுவார்கள் என்று 8.55க்குப் போய் நிற்பது சாமர்த்தியமில்லை. மிருகங்கள் கடிகாரம் கட்டுவதில்லை, இருட்டினதுமே ரோட்டுக்கு வந்துவிடும்.

* காட்டு ரோட்டில் குரங்குக்கு பிஸ்கட், மானுக்கு வாழைப்பழம் என்று தர்மம் செய்யாதீர்கள். ரோட்டில் தீனி கிடைக்கும் என்று பழகின மிருகம் ரோட்டிலேயே சாகும்.

* மசினகுடியிலிருந்து ஊட்டிக்குக் கல்லட்டி வழியாக 30 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டிகள் ஏறலாம். ஊட்டியிலிருந்து அந்த வழியாக இறங்க விடுவதில்லை. பழக்கமில்லாதவர்கள் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிப் பல உயிர்கள் போயிருக்கின்றன. குறுக்கு வழி கேட்டு வாதாடாதீர்கள், கூடலூர் வழியாக வாருங்கள்.

* யானை எதிரே வந்தால் வண்டியை விட்டு இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், செல்பி எடுக்காதீர்கள். தூரத்திலேயே நிறுத்தி, அது தாண்டும்வரை காத்திருங்கள். கம்பெனி பஸ்ஸுக்கு வழி விட்டுப் பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

* கடைசியாக, அங்கே உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கதவைத் தட்டினால், "யாரது, வாங்க" என்று குரல் வராது. முதலில் ஜன்னல் வழியாக டார்ச் வெளிச்சம்தான் வரும். நீங்கள் இரண்டு காலா, நாலு காலா என்று பார்த்த பிறகுதான் காப்பி!